சமயபாடத்திலிருந்து பிள்ளையை விலக்க முடியுமா? கொழும்புப் பெற்றோருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இது: மகள் கொழும்பில் தரம் 9 இல் படிக்கிறாள். குடும்பம் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தது. பாடசாலையில் சைவநெறியும் கத்தோலிக்கமும் மட்டுமே இருப்பதால், தரம் 6 இலிருந்தே அவளைக் கத்தோலிக்க வகுப்பில் இருத்திவிட்டார்கள். வருகிற வருடம் தரம் 10. “லண்டனில் செய்கிற மாதிரி ஒரு கடிதம் கொடுத்தால் சமயபாடத்தையே விட்டுவிடலாம்” என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது இங்கே சரிவருமா?

சரிவராது. இலங்கைப் பாடத்திட்டத்தில் க.பொ.த. சாதாரண தரத்துக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும் எந்தப் பாடசாலையிலும், அரசினதோ தனியாரினதோ, சமயம் கட்டாய பாடம். பெற்றோர் எழுதிக் கொடுத்து விலக்கும் ஏற்பாடு நடைமுறையில் கிடையாது. அந்தப் பிள்ளையின் சமயத்தைப் படிப்பிக்க ஆளில்லாவிட்டாலும் கிடையாது. குடும்பத்துக்குச் சமயமே இல்லாவிட்டாலும் கிடையாது. ஆனால் உங்கள் பிரச்சினைக்கு விலகல் தேவையே இல்லை. எந்தச் சமயத்தைப் படிப்பது என்பதைத் தெரிவு செய்வது பெற்றோர். உங்கள் மகள் விடயத்தில் அதைப் பாடசாலையின் வசதி தீர்மானித்திருக்கிறது. நீங்களும் மூன்று வருடம் பேசாமல் இருந்துவிட்டீர்கள். தரம் 10 தொடங்குவதற்கு முன் அதைத் திருத்தலாம்.

உங்கள் உறவினர் சொன்னதில் இங்கிலாந்தைப் பற்றிய பகுதி சரிதான். அங்கே 1944 கல்விச் சட்டத்திலிருந்தே அந்த உரிமை இருக்கிறது. இப்போது 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 71 ஆம் பிரிவில் வருகிறது. சமயக் கல்வியிலிருந்தும் கூட்டு வழிபாட்டிலிருந்தும் பிள்ளையை முழுதாகவோ பகுதியாகவோ விலக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பக்கத்திலுள்ள வேல்ஸ் 2021 ஆம் ஆண்டுப் பாடத்திட்டச் சட்டத்தோடு, தன் புதிய பாடத்திட்டத்தில் இந்த விலகலை எடுத்துவிட்டது. இந்தியாவின் நிலைமை வேறு. அரசியலமைப்பின் 28 ஆம் உறுப்புரையின்படி முழுக்க அரச பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனையே நடத்தக்கூடாது. அரச அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதிக்காமல் பிள்ளையை அதில் இருத்த முடியாது. இந்த இரண்டு நாட்டு ஏற்பாடுகளையும் கேள்விப்பட்டவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இலங்கையிலும் ஒரு காலத்தில் மனச்சாட்சி விதி என்று ஒன்று எழுதப்பட்டது. மிஷன் பாடசாலைகளில் சைவ, பௌத்த, முஸ்லிம் பிள்ளைகள் வேதபாடத்துக்கு இருந்தே ஆகவேண்டும் என்ற நிலைமை 19 ஆம் நூற்றாண்டு முழுக்கப் பெரிய மனத்தாங்கலாக இருந்தது. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், கொழும்பில் 1892 இல் முஸ்லிம் பிள்ளைகளுக்காக ஸாஹிறாக் கல்லூரி எழுந்ததும் அந்தக் காலத்தில்தான். 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம், உதவி பெறும் பாடசாலையில் பெற்றோர் மறுத்தால் பிள்ளை சமய வழிபாட்டுக்கோ சமய போதனைக்கோ இருக்கவேண்டும் என்று நிபந்தனை போடக்கூடாது என்றது. பிறகு 1960 இன் 5 ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961 இன் 8 ஆம் இலக்கச் சட்டத்தாலும் அந்தப் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசிடம் போயின. இன்றைய முறையின் எண்ணம் வேறு: எல்லாருக்கும் ஒரு சமயத்தைப் படிப்பிக்காமல் அவரவர் பிள்ளைக்கு அவரவர் சமயம், ஆகவே விலக வேண்டிய தேவை வராது. ஆசிரியர் இருக்கிற இடத்தில் இந்த எண்ணம் நன்றாக வேலை செய்கிறது. ஆசிரியர் இல்லாத இடத்தில்தான் பிள்ளை மாட்டிக்கொள்கிறது.

இனி உங்கள் மகளின் விடயம். முதலில் தெரியவேண்டியது, பரீட்சைத் திணைக்களத்தைப் பொறுத்தவரை கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் இரண்டு வெவ்வேறு பாடங்கள். பாடநூல் வேறு, வினாத்தாள் வேறு. சாதாரண தரத்தில் சமயத்துக்கு ஐந்து தெரிவு உண்டு: பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம். அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே பிள்ளைகளுக்கு உரியது கிறிஸ்தவம். “இரண்டும் ஒன்றுதானே” என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73 நூல்கள். உங்கள் சபை வாசிக்கும் வேதாகமத்தில் 66. ஏழு அருட்சாதனங்கள், மரியாள் வணக்கம், பாப்பரசரின் அதிகாரம் என்று கத்தோலிக்க வகுப்பில் பிள்ளை படிக்கும் பல விடயங்கள் வீட்டிலும் சபையிலும் அவள் கேட்பதோடு ஒத்துவராது. நல்ல பிள்ளை இரண்டையும் மனப்பாடம் செய்து எழுதிவிடும். ஆனால் தன் நம்பிக்கையல்லாத ஒன்றைத் தன் நம்பிக்கையாகப் பரீட்சைத்தாளில் எழுதப் பழகுவது சமயக் கல்வி ஆகாது.

அடுத்தது காலம். சாதாரண தரப் பாடத்திட்டம் தரம் 10, 11 இரண்டிலும் பரவிக் கிடக்கிறது. வினாத்தாளும் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் வரும். ஆகவே மாற்றுவதென்றால் தரம் 10 முதல் தவணைக்கு முன். தரம் 11 நடுவில் மாறும் பிள்ளை இரண்டு பாடநூலையும் ஆறேழு மாதத்தில் முடிக்க வேண்டிவரும். தரம் 6 இல் மாற்றுவது எல்லாவற்றிலும் சுலபம். தரம் 5 புலமைப்பரிசில் புள்ளியோடு கொழும்புப் பாடசாலைகளுக்கு விருப்பம் குறிக்கும் பெற்றோர், விடுதி, போக்குவரத்து எல்லாம் விசாரிக்கும்போது “எங்கள் சமயத்துக்கு அங்கே ஆசிரியர் இருக்கிறாரா” என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கவேண்டும். றோயல் கல்லூரிபோல பல சமயப் பிள்ளைகள் படிக்கும் பெரிய தேசிய பாடசாலைகளில் இந்தச் சிக்கல் குறைவு. ஒரு சமயத்தவர் பெருந்தொகையாக இருக்கும் பாடசாலையில் நாலைந்து பேராக இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் தொல்லை.

செய்யவேண்டியதை ஒழுங்காகச் சொல்கிறேன். வகுப்பாசிரியரிடம் போய், மகளின் சமயம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். அனுமதி இடாப்பில் சேர்க்கும்போது சமயம் எழுதுவார்கள். பல இடங்களில் அங்கே வெறுமனே கிறிஸ்தவர் என்றிருக்கும். வகுப்பு பிரிக்கும்போது அதைக் கத்தோலிக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். சில இடங்களில் இடாப்பிலேயே பிழையாக இருக்கும். பிறப்புச் சான்றிதழை நீட்டுவதில் பயனில்லை, அதில் பெற்றோரின் இனம் இருக்குமே தவிர சமயம் இராது. திருமுழுக்குச் சான்றிதழோ சபைப் போதகரின் கடிதமோ கொண்டுபோங்கள்.

பிறகு அதிபருக்குக் கடிதம். வாய்ச்சொல்லில் விட்டால் அடுத்த வருடம் வகுப்பாசிரியர் மாறும்போது எல்லாம் பழையபடியாகிவிடும். நீளமாக எழுத வேண்டாம், சட்டம் பேசவும் வேண்டாம். இவ்வளவு போதும்:

“எங்கள் மகள் (பெயர், அனுமதி இலக்கம்) தரம் 9 இல் பயில்கிறார். எங்கள் சமயம் கிறிஸ்தவம். நாங்கள் கத்தோலிக்கர் அல்லர். அடுத்த வருடம் தரம் 10 முதல் அவர் கிறிஸ்தவ சமய பாடத்தைப் படித்து, க.பொ.த. சாதாரண தரத்திலும் அதற்கே தோற்ற வேண்டும் என்று விரும்புகிறோம். அனுமதி இடாப்பில் அதற்கேற்பத் திருத்தம் செய்யுமாறும், பாடநூல் கோரிக்கையில் சேர்க்குமாறும், பாடவேளைக்கான ஒழுங்கை எழுத்தில் அறியத்தருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.”

தாய், தகப்பன் இருவரும் கையெழுத்திடுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் அலுவலக முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பாடநூலைக் கடிதத்தில் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. இலவசப் பாடநூல்கள் பாடசாலை முன்கூட்டி அனுப்பும் எண்ணிக்கைப்படிதான் வரும். அந்தக் கணக்கில் கிறிஸ்தவத்துக்குப் பூச்சியம் போட்டிருந்தால் உங்கள் மகளுக்குப் புத்தகம் வராது. வராவிட்டாலும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூலைத் தரவிறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். ஆசிரியர் வழிகாட்டி மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் இருக்கிறது. எந்த அலகுக்கு எவ்வளவு பாடவேளை, எந்தத் தேர்ச்சி என்று அதில் தெளிவாக இருக்கும்.

இதற்கு அதிபர் சொல்லக்கூடிய மறுமொழி: “ஆசிரியர் இல்லை.” இங்கேதான் 15 என்ற எண் முக்கியம். ஒரு பாடசாலையில் ஒரு சமயத்தைப் படிக்க ஆகக் குறைந்தது 15 பிள்ளைகள் இருந்தால் அந்தச் சமயத்தைப் படிப்பிக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்பது நடைமுறை. உங்கள் மகளின் வகுப்பில் மூன்று பேர்தான் இருக்கலாம், ஆனால் பாடசாலை முழுவதையும் எண்ணிப் பாருங்கள். கத்தோலிக்க வகுப்பில் கலந்து கிடக்கும் அங்கிலிக்கன், பப்டிஸ்ட், சுயாதீன சபைப் பிள்ளைகளைச் சேர்த்தால் 15 ஐத் தாண்டுவது அபூர்வமல்ல. பெற்றோர் கூட்டம் முடிகிற நேரம் ஒரு தாளில் பிள்ளையின் பெயர், தரம், சபை, பெற்றோர் கையெழுத்து என்று திரட்டுங்கள். எண்ணிக்கை தரப் பாடசாலை தயங்கினால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்: தரம் 6 முதல் 11 வரை சமயவாரியாக மாணவர் எத்தனை, சமயபாட ஆசிரியர் எத்தனை, வெற்றிடம் எத்தனை. தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். பிள்ளைகளின் பெயரைக் கேட்காதீர்கள், அது தனிப்பட்ட தகவல் என்று மறுக்கப்படும். எண்ணிக்கை மட்டும் போதும்.

15 பேர் தேறாவிட்டால் நடைமுறையில் இருக்கும் வழி, பிள்ளை பாடத்தை வெளியில் படித்து, பரீட்சைக்குப் பாடசாலை மூலமே தோற்றுவது. சபை, கோயில், பள்ளிவாசல், வீட்டில் ஆசிரியர், எதுவானாலும் சரி. இதற்கு அதிபரின் உடன்பாடு வேண்டும், அதை எழுத்தில் பெறுங்கள். பேசித் தீர்க்கவேண்டியவை மூன்று. மற்றவர்கள் சமய வகுப்புக்குப் போகும்போது உங்கள் மகள் எங்கே இருப்பாள்? நூலகம் என்றால் யாருடைய பொறுப்பில்? இதை விட்டால் கடைசியில் பிள்ளை மறுபடியும் அதே கத்தோலிக்க வகுப்பின் பின்வாங்கில்தான் போய் இருக்கும். தவணைப் பரீட்சை வினாத்தாளை யார் தருவது, யார் திருத்துவது? பெரும்பாலும் பக்கத்துப் பாடசாலையின் கிறிஸ்தவ ஆசிரியரிடம் வினாத்தாள் பெற்றுச் சமாளிக்கலாம். புள்ளி அறிக்கையில் எப்படிப் பதிவது? இது முடிவாகாவிட்டால் சமயத்துக்குப் பூச்சியம் விழுந்து சராசரி இறங்கும், வகுப்பு நிலை குழம்பும், பிள்ளை அழும்.

வெளியில் படிப்பதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஞாயிறு பாடசாலைக்கோ அறநெறிப் பாடசாலைக்கோ முஸ்லிம் பிள்ளைகளின் அஹதியா வகுப்புக்கோ ஒழுங்காகப் போகும் பிள்ளை சாதாரண தரச் சமயத்துக்கும் தயார் என்று நினைப்பது. அந்த வகுப்புகளின் பாடத்திட்டம் வேறு, அவற்றின் பரீட்சையும் வேறு. சைவநெறியை எடுத்துக்கொள்ளுங்கள். தேவாரம் பண்ணோடு பாடத் தெரிந்த பிள்ளைக்குப் பதி, பசு, பாசம் பற்றி நாலு பந்தி எழுதவும் தெரியவேண்டும். பல்தேர்வு வினாக்களில் பாடநூலின் மூலைமுடுக்கெல்லாம் வரும். ஆகவே வெளியில் படிப்பிக்கிறவர் கையில் தரம் 10, 11 பாடநூலும் கடந்தகால வினாத்தாள்களும் இருக்கவேண்டும்.

“சமயத்தை எடுக்காமல் விட்டால் என்ன நட்டம்?” என்று சிலர் கேட்பார்கள். பாடசாலைப் பரீட்சார்த்தியின் ஒன்பது பாடங்களில் ஆறு கட்டாயம்: சமயம், முதன்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. விண்ணப்பத்தில் சமயத்தை வெறுமையாக விட முடியாது. பரீட்சை நாளில் போகாமல் விட்டால் வருகை தரவில்லை என்று பெறுபேற்றில் வரும். உயர்தரம் படிக்க ஆறு பாடச் சித்தி, அவற்றில் மூன்று திறமைச் சித்தி வேண்டும். முதன்மொழியும் கணிதமும் அந்த ஆறுக்குள் இருக்கவேண்டும். சமயத்தில் சித்தி அங்கே தனி நிபந்தனை அல்ல. ஆனால் கணிதத்தோடும் விஞ்ஞானத்தோடும் மல்லுக்கட்டும் பல பிள்ளைகளுக்கு அந்த மூன்று திறமைச் சித்திகளில் ஒன்றைத் தருவதே சமயம்தான். கொழும்பில் நல்ல பாடசாலையில் உயர்தர இடத்துக்கு ஒவ்வொரு ஏ சித்தியையும் எண்ணுகிற நேரத்தில் ஒரு பாடத்தைக் கையிலிருந்து விடுவது பிள்ளைக்கு நட்டம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுகிறவருக்குப் பாடத்தெரிவில் இந்தக் கட்டு இல்லை. உயர்தரத்துக்குப் போனபின் சமயம் கட்டாயமில்லை. இந்து நாகரிகம், கிறிஸ்தவ நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம் எல்லாம் விரும்பினால் எடுக்கும் பாடங்கள்.

அதிபர் அசையாவிட்டால் அடுத்த படி பாடசாலையின் வகையைப் பொறுத்தது. மாகாணப் பாடசாலை என்றால் வலயக் கல்விப் பணிப்பாளர். கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, ஹோமாகம, பிலியந்தல என்று நான்கு வலயங்கள். வீடு எங்கே என்பதல்ல, பாடசாலை எந்த வலயத்தில் என்பதைப் பாருங்கள். தேசிய பாடசாலை என்றால் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சு. தனியார் பாடசாலை என்றால் முதலில் முகாமைத்துவ சபை. கேம்பிரிட்ஜ், எடெக்செல் பாடத்திட்டம் மட்டும் நடத்தும் சர்வதேசப் பாடசாலையில் சமயம் கட்டாயமே இல்லை. அதே பாடசாலை உள்ளூர்ப் பாடத்திட்டப் பிரிவும் நடத்தினால் அந்தப் பிரிவுக்குக் கட்டாயம்.

அதற்கும் மேலே உரிமை பற்றிய பேச்சு வரும். அரசியலமைப்பின் 10 ஆவது உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எந்த மட்டுப்பாடும் இல்லாமல் தருகிறது. 14(1)(உ) சமயத்தை வழிபாட்டிலும் போதனையிலும் வெளிப்படுத்தும் சுதந்திரம். 12(2) சமயம் காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. இவை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் மனு ஒரு மாதத்துக்குள் போடவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆணைக்குழுவின் துரித இலக்கமும் 1996 தான். முறைப்பாடு ஏற்கப்பட்ட கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். பெரும்பாலான சமயபாட விடயங்கள் வலய அலுவலகத்தோடு முடிந்துவிடும். ஆனால் அதிபரின் மறுப்பு எழுத்தில் கிடைத்த நாளைக் குறித்துக்கொள்ளாதவர்களுக்குப் பிறகு எந்தக் கதவும் திறக்காது.

வகுப்பும் வழிபாடும் ஒன்றல்ல, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கட்டாயம் என்பது பாடம். காலைக்கூட்டத்தில் தேவாரமோ பௌத்தர்களின் பிரித் ஓதலோ ஜெபமோ சொல்வது, திருப்பலிக்குப் போவது, சரஸ்வதி பூசையில் நிற்பது, இவை பரீட்சைப் பாடத்தின் பகுதி அல்ல. இந்த இடத்தில் “எங்கள் பிள்ளை அமைதியாக நிற்பாள், சொல்லமாட்டாள்” என்று கேட்க 10 ஆவது உறுப்புரை உங்களுக்கு வலுவான ஆதாரம். முன்கூட்டியே மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலான அதிபர்கள் ஒத்துக்கொள்வார்கள். கூட்டம் நடக்கும்போது பிள்ளையைக் கொண்டு மறுக்க வைக்காதீர்கள். அந்தச் சுமையைப் பதினான்கு வயதுப் பிள்ளை தாங்கக்கூடாது.

கலப்புத் திருமணக் குடும்பங்களில், தாயும் தகப்பனும் முதலில் வீட்டில் ஒரு முடிவுக்கு வந்து ஒரே கடிதத்தில் கையெழுத்திடுங்கள். தாய் ஒரு கடிதம், தகப்பன் ஒரு கடிதம் என்று போனால் பாடசாலை இரண்டையும் வைத்துவிட்டுத் தனக்கு வசதியானதைச் செய்யும். பிள்ளையையும் கேளுங்கள், சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 14 ஆவது உறுப்புரை பெற்றோரின் வழிகாட்டலைப் பிள்ளையின் வளரும் ஆற்றலோடு சேர்த்தே பேசுகிறது.

சமய நம்பிக்கையே இல்லாத குடும்பம், பஹாய், யெகோவாவின் சாட்சிகள் ஆகியோருக்கு ஐந்தில் எதுவும் பொருந்தாது. இன்றைய நிலையில் மனத்துக்கு ஆகக் குறைந்த நெருடல் தருகிற ஒன்றைத் தெரிந்து, பரீட்சைப் பாடமாகவே படிப்பதைத் தவிர வழியில்லை. இது நியாயமல்ல. இலங்கை 1980 இல் ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் சர்வதேசப் பொருத்தனையின் 18(4) பெற்றோரின் நம்பிக்கைப்படி பிள்ளைக்குச் சமய, ஒழுக்கக் கல்வி அமையும் சுதந்திரத்தைக் கேட்கிறது. குறித்த சமயத்தை அரச பாடசாலையில் போதிப்பதானால் பாகுபாடில்லாத விலக்கோ மாற்று ஏற்பாடோ இருக்கவேண்டும் என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 1993 இலேயே விளக்கிவிட்டது. ஒழுக்கவியல் என்று ஆறாவது தெரிவாக ஒரு பாடம் இருந்தால் ஒருவருடைய சமயத்துக்கும் பங்கமில்லை. ஐந்துக்குள் அடங்காத பிள்ளை பொய்யாக ஒரு சமயத்தின் பெயரில் பதிவாகவும் தேவையில்லை. அந்தப் பாடம் வரவேண்டும் என்று சமய நம்பிக்கை உள்ள பெற்றோரும் சேர்ந்து கேட்கவேண்டும்.

கடைசியாகப் பரீட்சை விண்ணப்பம். தரம் 11 இல் அதிபர் ஊடாக விண்ணப்பம் போகும்போது சமயபாடத்தின் இலக்கத்தை நீங்களே பார்த்துக் கையொப்பமிடுங்கள். கத்தோலிக்கத்தின் இலக்கமும் கிறிஸ்தவத்தின் இலக்கமும் அடுத்தடுத்து இருப்பதால் ஒரு எழுத்துப் பிழையில் மாறிவிடும். அனுமதி அட்டை கிடைத்த அன்றே பாடமும் மொழிமூலமும் சரியா என்று பாருங்கள். பிழை இருந்தால் அதிபர் மூலம் பரீட்சைத் திணைக்களத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். திணைக்களத்தின் துரித இலக்கம் 1911. பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் கையில் வேறு பாடத்தின் வினாத்தாள் வந்தபின் அங்கே வைத்துச் சரிசெய்வது மிகக் கடினம்.